சாவி யார் இடுப்பில்?

எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே இரண்டாக நறுக்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டு, மூடியின் உட்புறம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் தோல் கிழிந்துவிடும். நடுவில் கட்டை விரலால் மெல்ல அழுத்தி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மடக்கினால் சின்னதாக ஒரு மஞ்சள் அகல் கிடைக்கும். அதில் நெய் ஊற்றித் திரி போட்டு, வெள்ளிக்கிழமை ராகு காலத்தில், அதாவது காலை 10.30க்கும் 12 மணிக்கும் இடையில், துர்க்கைக்கு முன்னால் ஏற்றுவார்கள். கல்யாணம் தள்ளிப்போகிற மகளுக்காக, குடியை விடாத கணவனுக்காக, சில சமயம் தனக்காகவும்.

ஜொகூரில் இந்த விளக்குக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 2014 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை, முழுதாக 11 ஆண்டுகள், இந்த மாநிலத்தில் அரசாங்க வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜும்மா தொழுகையை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதன் பலன் கேட்காமலே எங்கள் பெண்களுக்கும் வந்து சேர்ந்தது. பள்ளி ஆசிரியை, மருத்துவமனைத் தாதி, அரசாங்க அலுவலகக் கிராணி எல்லோரும் வெள்ளிக்கிழமை காலையில் நிதானமாகக் குளித்து முழுகி, பழத்தை மடித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு என்று ஆனது. இப்போது பத்தரை மணி வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் பென்ஷன் வாங்கியவர்கள். ஒரு மதத்தை எண்ணி எடுத்த முடிவு இன்னொரு மதத்துப் பெண்ணின் கையில் இருக்கும் எலுமிச்சம்பழம் வரைக்கும் வருகிறது. வரும்போதும் அவளைக் கேட்கவில்லை, போகும்போதும் கேட்கவில்லை.

மதங்கள் பெண்ணை எப்படிப் பார்க்கின்றன என்று எழுதச் சொன்னதும் புத்தகங்களைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே மூடிவிட்டேன். எந்த மதத்துக்காரரைக் கேட்டாலும் தன் நூலிலிருந்து பெண்ணைப் போற்றும் ஒரு வரி கையோடு வைத்திருப்பார். அடுத்தவர் நூலிலிருந்து பெண்ணைத் தாழ்த்தும் ஒரு வரியும் வைத்திருப்பார். இந்தப் பட்டிமன்றத்துக்கு முடிவே கிடையாது. அதைவிட நடந்து பார்ப்பது மேல். ஜொகூர் பாரு அதற்குத் தோதான ஊர். ஜாலான் உங்கு புவானில் 1911இல் எழுந்த ராஜமாரியம்மன் தேவஸ்தானத்திலிருந்து புறப்பட்டால், சீனர்களின் பழங்கோயில், சீக்கியர்களின் குருத்வாரா, கத்தோலிக்கரின் அமலோற்பவ மாதா தேவாலயம், நம் தமிழ் முஸ்லிம்கள் தொழும் இந்தியப் பள்ளிவாசல் எல்லாவற்றையும் கால் மணி நேர நடைக்குள் பார்த்துவிடலாம். ஒவ்வொரு வாசலிலும் நான் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: சாவி யாரிடம் இருக்கிறது?

இந்தக் கேள்வி என் பாட்டியிடமிருந்து வந்தது. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். வீட்டு அரிசிப் பெட்டி, துணிப் பெட்டி, சில்லறை டப்பா எல்லாவற்றின் சாவியும் கொத்தாக அவர் இடுப்பில் தொங்கும். தாத்தா சுருட்டு வாங்கக் காசு வேண்டும் என்றாலும் அந்தக் கொத்து குலுங்க வேண்டும். அதே பாட்டி, விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கூட்டிக் கோலம் போட்டுவிட்டுப் போவார். அந்தக் கோயிலின் சாவி மட்டும் தண்டல் வீட்டு ஆணியில் தொங்கியது. திருவிழா வரி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிடித்தார்கள். கூலியில் அந்தச் சமம் இல்லை. 1920களின் கடைசியில் மலாயாவின் முக்கியத் தோட்டங்களில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கணக்குப் பார்த்தால் அம்மனுக்கு அதிகம் கொடுத்தவள் அந்தப் பத்துக் காசு குறைந்தவள்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். வருஷத்தில் ஒரு நாள், தீமிதிக்கு முந்தைய இரவு, உடுக்கைச் சத்தம் ஏற ஏற லயத்துப் பெண்களில் யாராவது ஒருத்திக்கு அருள் வந்துவிடும். கூந்தல் அவிழும், கண் மேலே செருகும். அப்புறம் அவள் கேட்பாள்: "எம் புள்ளைய அடிச்சவன் எவன்டா?" கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்பார். கூலி பிடித்தது, பொம்பளை மேல் கை வைத்தது, எல்லாம் சபையில் வெளிவரும். கேட்பது ஆத்தா; பதில் சொல்லியே ஆக வேண்டும். மஞ்சள் தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி மலையேற்றிவிட்டால், அவள் மறுபடியும் அடுப்படிக்குப் போய்விடுவாள். மறுநாள் பெரட்டில் அதே கங்காணி அவள் பேரைக் கூப்பிடுவார். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகிறார்கள். மனு எழுதத் தெரியாத, எழுதினாலும் படிக்க ஆள் இல்லாத இடத்தில் அது அவர்களுக்குக் கிடைத்த ஒரே விசாரணைக் கமிஷன் என்றுதான் எனக்குப் படுகிறது.

அம்மன் ஊருக்கே அரசி. அவளைத் தொட்டு அபிஷேகம் செய்யப் பெண்ணுக்கு அனுமதி இல்லை. இந்த முரண்பாட்டை எங்கள் தலைமுறையில் கண்முன்னே உடைத்துக் காட்டியவர் மேல்மருவத்தூர் பங்காரு அடிகளார். செவ்வாடை கட்டிய பெண்கள், மாதவிலக்கு நாளிலும் கூட, கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே பூசை செய்யலாம் என்றார். 2023 அக்டோபரில் அவர் மறைந்தபோது மலேசியாவில் அழுதவர்களும் பெரும்பாலும் பெண்கள். இங்கேயும் அந்த மன்றங்களில் மந்திரம் சொல்வதும் கலசம் வைப்பதும் அவர்கள்தான். அதே 2023இல் தமிழ்நாட்டில், ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். ஆகமக் கோயில்கள் இதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கின்றன.

ஜொகூர் பாருவிலேயே இன்னொரு விதமான பதில் இருக்கிறது. தெப்ராவ் சாலைப் பக்கம், ரயில் தண்டவாளத்தை ஒட்டி, 1922இல் குடிசையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோயில். இன்று சுவர், தூண், கூரை எங்கும் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயில். சுற்றுலாப் பயணிகள் படமெடுத்து மாளவில்லை. அந்தப் பளபளப்பில் இரண்டு விஷயங்களை அவர்கள் கவனிப்பதில்லை. அங்குள்ள ஆத்மலிங்கத்துக்கு வருகிறவர்கள் தம் கையாலேயே அபிஷேகம் செய்யலாம்; ஆண், பெண் என்று கேள்வி இல்லை. அடுத்தது, சலவைக்கல் சிலைகளின் வரிசையில் புத்தரோடு அன்னை தெரேசாவும் நிற்கிறார். காளி கோயிலுக்குள் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ. கொல்கத்தாவில் அவர் முதன்முதலில் சாகக் கிடந்தவர்களுக்கு இல்லம் நடத்தியது காளிகாட் கோயிலை ஒட்டிய கட்டடத்தில் என்பதை நினைத்தால், அவர் வழி தவறி வந்ததாகத் தோன்றவில்லை.

ஜாலான் துருஸில் உள்ள சீனப் பழங்கோயிலில் ஐந்து தெய்வங்கள், தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கந்தோனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து மொழிக் குழுவுக்கு ஆளுக்கொன்று. ஐவரும் ஆண்கள். சீனப் புத்தாண்டு மாதத்தின் 20ஆம் நாளையொட்டிப் பல்லக்கில் ஏறி ஊர்வலம் போவார்கள். நெரிசலில் மாட்டிக்கொண்டு ரசித்திருக்கிறேன். ஆனால் சீன வீடுகளின் பூசை மாடத்தில் அதிகம் காணப்படுவது இவர்கள் இல்லை. வெள்ளை ஆடை உடுத்தி, கையில் குடுவையோடு நிற்கும் குவான்யின் அம்மன். அவளுக்குத் தமிழோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. நம் இலக்கண நூலான வீரசோழியம், அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் அவலோகிதன் என்கிறது. அந்த அவலோகிதேசுவரர் மீசை வைத்த போதிசத்துவராகச் சீனாவுக்குப் போனார். சில நூற்றாண்டுகளில் அங்கே பெண்ணாக மாறிவிட்டார். மாற்றியது எந்தச் சபைத் தீர்மானமும் அல்ல. பிள்ளை வரம் கேட்டவர்களும், கடலுக்குப் போனவன் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களும் ஆணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நினைத்தார்களோ என்னவோ.

மொட்டைத் தலையோடு இருக்கும் சீனப் பிக்குணிகளின் கதை இன்னும் சுவையானது. 433ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து தேவசாரா என்ற பிக்குணி தம் குழுவோடு கப்பலேறிச் சீனாவுக்குப் போய், அங்குள்ள பெண்களுக்கு முறைப்படி துறவு கொடுத்தார். பிறகு 11ஆம் நூற்றாண்டையொட்டி இலங்கையிலேயே பிக்குணி சங்கம் அற்றுப்போய்விட்டது. 1990களின் கடைசியில் மீண்டும் தொடங்க முயன்றபோது, பிக்குணி மரபு அறுந்துவிட்டது, ஆகவே செல்லாது என்று மூத்த பிக்குகள் தடுத்தார்கள். மரபு கப்பலேறிச் சீனாவுக்குப் போய் பத்திரமாகத்தான் இருந்தது. சங்கமித்தை போதிமரக் கிளையோடு வந்த தீவில், மணிமேகலை பாத்திரம் பெற்ற கதை வழங்கும் தீவில், பெண் துறவிக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

குருத்வாராவில் எனக்குச் சாப்பிடத்தான் தெரியும். தரையில் உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் வரும்; யார், என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள். சீக்கிய நூல் தீட்டு என்பதையே ஒப்புவதில்லை. மூன்றாம் குரு அமர்தாஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே உடன்கட்டையையும் முக்காட்டையும் எதிர்த்தார்; சமயப் பணிக்குப் பெண்களை நியமித்தார். குரு கிரந்த சாகிப்பில் பெயரால் புகழப்படும் மாதா கீவி, அன்னம் பரிமாறியதற்காகவே புகழப்படுகிறார். மலேசியக் குருத்வாராக்களில் பெண்கள் கீர்த்தனை பாடுவது சாதாரணக் காட்சி. அமிர்தசரஸ் பொற்கோயிலின் உள்மண்டபத்தில் மட்டும் அவர்கள் பாட இன்னும் வழி பிறக்கவில்லை. நூல் திறந்த கதவைக் காவலர் சாத்தி வைத்திருக்கிறார். என் கண் என்னவோ சமையற்கட்டுக்கே போகிறது. அங்கே ரொட்டி தேய்க்கும் ஆண்களைப் பார்க்கலாம். எங்கள் கோயில் அன்னதானத்தில் ஆண்கள் கரண்டி பிடிப்பது பெரிய அண்டா, பெரிய கூட்டம் என்றால் மட்டும்தான். பாத்திரம் கழுவும் நேரத்தில் அவர்கள் வாசலில் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிவாசல் விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு தப்பெண்ணம் உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்ப் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடமே இல்லாததைப் பார்த்துவிட்டு இஸ்லாமே அப்படி என்று நினைத்துக்கொள்கிறோம். ஜொகூரில் எந்தப் பெரிய மசூதிக்குப் போனாலும் பெண்கள் பகுதி இருக்கும். தொழுகை உடை அங்கேயே மாட்டியிருக்கும். ரமலான் இரவுகளில் தராவீஹுக்கு அம்மா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையாக நடந்து போவதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலேயே காயல்பட்டினத்தில் பெண்கள் தொழுவதற்கென்றே தைக்காக்கள் உண்டு. திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஜொகூருக்கு அடுத்த மாநிலமான நெகிரி செம்பிலானில் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குலச்சொத்து நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஓதுவது ஒரே குர்ஆன், பத்திரத்தில் இருக்கும் பெயர் மட்டும் மாறுகிறது. 1961 முதல் மலேசியா நடத்திவரும் அனைத்துலகக் குர்ஆன் ஓதும் போட்டியில் பெண்கள் ஓதுவது நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது. பெண் குரலை அந்நிய ஆண் கேட்கலாமா என்று விவாதிக்கும் நாடுகளும் இருக்கின்றன.

அதற்காக இங்கே எல்லாம் சுபம் என்றும் சொல்ல வரவில்லை. பலதார மணத்துக்கு ஷரியா நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆனால் அனுமதி உண்டு. ஷரியா நீதிமன்றத்தில் முதன்முதலாகப் பெண் நீதிபதிகள் அமர்ந்தது 2010இல்தான். முஸ்லிம் குடும்பச் சட்டத்தில் பெண்ணுக்கு நியாயம் கேட்டு 1980களின் கடைசியிலிருந்து பேசிவரும் சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் அமைப்பை வழிதவறியது என்று 2014இல் சிலாங்கூரில் ஃபத்வா வந்தது. அந்த ஃபத்வா ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2025 ஜூன் ஆனது. அப்போது நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவரும் ஒரு முஸ்லிம் பெண்தான்: தெங்கு மைமுன், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

தேவாலயத்தில் மாதா இருக்கிறார். பலிபீடத்தில் பெண் குரு இல்லை. 2021 ஜனவரியில்தான் போப் பிரான்சிஸ் திருப்பலியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்குச் சட்டப்படி திறந்துவிட்டார். நம் மெத்தடிஸ்டுகள் பெண் போதகர்களை எப்போதோ ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஜொகூரின் தமிழ்ப் பெண்களுக்குக் கத்தோலிக்க மதம் கொடுத்த பெரிய வரம் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் இல்லை, பள்ளி நாட்களில். 1852இல் பினாங்கில் வந்து இறங்கிய குழந்தை இயேசு சபைக் கன்னியர் நாடெங்கும் கான்வென்ட் பள்ளிகளைக் கட்டினார்கள். ஜொகூர் பாருவிலும் கட்டினார்கள். பொட்டும் பூவுமாகப் போன இந்துப் பெண்கள் அங்கே படித்துத் தாதி, ஆசிரியை, வழக்கறிஞர் ஆனார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல், பிள்ளை பெறாமல், ஒரு பெரிய நிறுவனத்தை ஒரு பெண் நடத்தலாம் என்பதை அவர்கள் முதலில் கண்ணால் கண்டது மதர் சுப்பீரியரின் அறையில்தான். பள்ளியின் சாவிக்கொத்து அங்கிக் கயிற்றில் தொங்கும் என்று என் பெரியம்மா இன்றைக்கும் சொல்வார்.

அநேகமாக எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த மூன்று நாள். நாம் வீட்டுக்குத் தூரம் என்கிறோம். முஸ்லிம் பெண் அந்த நாட்களில் தொழுவதில்லை, நோன்பு வைப்பதில்லை. விட்ட நோன்பைப் பிறகு வைத்துக் கணக்கு முடிக்க வேண்டும். சீனக் கிழவிகள் ஊதுவத்தியைத் தொட மாட்டார்கள். கத்தோலிக்கத்தில் பிள்ளை பெற்ற தாய் நாற்பது நாள் கழித்து வந்து ஆசி பெறும் சடங்கு போன நூற்றாண்டு வரை இருந்தது. வானத்தைப் பற்றி ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் மட்டும் எப்படி ஒத்துப்போனார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இத்தனை வாசல் ஏறி இறங்கியும், எங்கள் பெண்களின் வாழ்க்கையை அதிகம் மாற்றியது எந்த மதமும் அல்ல என்றே நினைக்கிறேன். 1982 மார்ச் 1ஆம் தேதிதான் மாற்றியது. அன்றுதான் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதுவரை இந்து ஆண் வழக்கப்படி இரண்டாம் தாரம் கட்டலாம். முதல் தாரத்திடம் தாலி இருக்கும், தாள் இருக்காது. சட்டம் வந்தபின் முஸ்லிம் அல்லாதவருக்கு ஒருவனுக்கு ஒருத்தி. திருமணத்தைப் பதிந்தாக வேண்டும். கோயில்களில் துணைப் பதிவாளர்களை நியமித்தார்கள். அம்மன் சன்னதிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு பேனா, ஒரு பதிவேடு வந்தது.

ஆனால் சட்டத்துக்கும் ஒரு ஓரம் உண்டு. அந்த ஓரத்தில் மாட்டிக்கொண்டவர் ஈப்போவின் பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி. 2009இல் அவர் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றிப் பதிந்தார். கடைக்குட்டிக்கு அப்போது 11 மாதம். அவளைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். வழக்கு கடைசியில் வந்து நின்றது இலக்கணத்தில். அரசியலமைப்பின் 12(4)ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தை 'பேரன்ட்' முடிவு செய்யும் என்கிறது. ஆங்கிலத்தில் ஒருமை. மலாய் மொழிபெயர்ப்பில் 'இபு அத்தாவ் பாப்பா', அதாவது தாய் அல்லது தந்தை. ஒருவர் போதும் என்று வாதிட்டார்கள். தமிழில் இந்த வழக்கே வந்திருக்காது. 'பெற்றோர்' பலர்பால், ஒருவரைக் குறிக்க அதில் இடமில்லை. 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், இருவர் சம்மதமும் வேண்டும், பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதி வாசித்தவர் நீதிபதி ஸைனுன் அலி, ஒரு முஸ்லிம் பெண். இந்துத் தாய்க்கும் முஸ்லிம் நீதிபதிக்கும் நடுவில் அன்று மதம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் காகிதத்தில் வென்ற தாயின் கைக்கு, நான் இதை எழுதும்வரை, அந்தக் கடைக்குட்டி வந்து சேரவில்லை.

போன மாதம் ஒரு கோயில் கல்யாணம். தாலி ஏறி, அட்சதை விழுந்து, பந்திக்குக் கூட்டம் நகர்ந்த பிறகு அந்த மேசையில் பதிவேட்டை விரித்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். வழக்கம்போல மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா சட்டைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். பெண் வீட்டுச் சார்பில் தாய்மாமாவைக் கூப்பிட்டார்கள். "மாமா வேணாம், அம்மா போடட்டும்," என்றாள் மணப்பெண். தாய்மாமா முகம் ஒரு நொடி சுருங்கி மலர்ந்தது.

அம்மா ஓடி வந்தார். காலையிலிருந்து பூ கட்டி, ஆரத்தி கரைத்து, விரல் எல்லாம் குங்குமச் சிவப்பு. முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"ஐ.சி. குடுங்கம்மா, நம்பர் எழுதணும்," என்றார் பதிவாளர்.

அம்மா பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். "அவர்கிட்ட இருக்குங்க. கார்ல."

கார் சாவியைத் தேடி ஆள் போனது.